தமிழ்நாட்டு உயர் இசைக்கல்வியில் ஆணும் பெண்ணும்: ஒரு வரலாற்றுப் பார்வை

தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்தில் சோழர் காலத்துத் தேனுபுரீசுவரர் கோயில் உள்ளது. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இக்கோயிலுக்குப் பெண் ஒருவர் ஓதுவாராக நியமிக்கப்பட்டார். அவர் அரசு இசைப்பள்ளியில் முறையாகத் தேவாரம் பயின்றவர். நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் அந்தச் செய்தியைப் பெரிதாக வெளியிட்டன. அதற்கு முன்பே, 2006ஆம் ஆண்டில், திருச்சியில் ஒரு பெண் ஓதுவார் நியமிக்கப்பட்டிருந்தார். எனினும் பதினைந்து ஆண்டுகள் கழித்தும் அது செய்தியாகவே இருந்தது.

தேவாரத்தைப் பெண்கள் வீட்டிலும் பள்ளியிலும் திருவிழாவிலும் காலங்காலமாகப் பாடி வருகிறார்கள். அரசு இசைப்பள்ளிகளின் தேவாரப் பிரிவில் பெண்களும் சேர்ந்து படிக்கலாம். அப்படியிருக்க, படிப்பை முடித்த ஒரு பெண்ணுக்கு அந்தப் படிப்புக்குரிய வேலை கிடைத்தது ஏன் வியப்பாகத் தோன்றியது?

இக்கேள்விக்கு விடை தேடினால் தமிழ்நாட்டு உயர் இசைக்கல்வியின் நூறாண்டு வரலாற்றைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. இசைக் கல்லூரி பெண்களுக்கு ஆசிரியரையும் பாடத்திட்டத்தையும் சான்றிதழையும் கொடுத்தது. குருகுலத்தில் இடம் கிடைக்காதவர்களுக்கு அது பெரிய வரம். ஆனால் எந்தக் கலை யாருக்கு உரியது என்று சமூகம் முன்பே செய்து வைத்திருந்த பங்கீட்டைக் கல்லூரி பெரிதாக மாற்றவில்லை. பல இடங்களில் அந்தப் பங்கீடே வகுப்பறைக்குள் வந்து அமர்ந்தது. அது எப்படி நேர்ந்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பழைய பங்கீடு

தமிழில் இசை, நடனக் கல்வியை விரிவாகச் சொல்லும் முதல் நூல் சிலப்பதிகாரம். அதன் அரங்கேற்று காதையில் மாதவி ஐந்து வயதில் பயிற்சியைத் தொடங்கி, ஏழாண்டுகள் கற்று, பன்னிரண்டாம் வயதில் சோழ மன்னன் முன்னிலையில் அரங்கேறுகிறாள். தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் பரிசாகப் பெறுகிறாள். அவளைத் தயார் செய்த ஆசிரியர்களின் தகுதிகளையும் இளங்கோவடிகள் வரிசையாகச் சொல்கிறார். ஆடலாசிரியன், இசையாசிரியன், பாடல் இயற்றும் புலவன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என்பது அந்த வரிசை. கற்பவள் பெண், கற்பிப்பவரும் தாளம் காப்பவரும் ஆண்கள்.

இந்த அமைப்பு பின்னரும் தொடர்ந்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் குடியமர்த்திய நானூறு தளிச்சேரிப் பெண்டிரின் பெயர்களும் அவர்கள் குடியிருந்த தெருக்களும் கல்வெட்டில் உள்ளன. நட்டுவம் செய்தோரும் கருவி வாசித்தோரும் ஆண்களாக அங்கே குறிக்கப்படுகின்றனர். பிற்காலத்தில் இப்பங்கீடு சின்ன மேளம், பெரிய மேளம் என்ற பெயர்களில் நிலைபெற்றது. சின்ன மேளத்தில் பெண் ஆடினாள், பாடினாள். நட்டுவனாரும் மத்தளக்காரரும் ஆண்கள். நாதசுரமும் தவிலும் கொண்ட பெரிய மேளமோ முழுக்க ஆண்களுடையது.

தேவாரத்திலும் இதே முரண் உண்டு. மறைந்து கிடந்த தேவார ஏடுகள் இராசராசன் காலத்தில் கண்டெடுக்கப்பட்டபின் அவற்றுக்குப் பண் அமைக்க ஆள் தேடினார்கள் என்றும், திருஎருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணே பண்களை வகுத்துக் கொடுத்தார் என்றும் திருமுறை கண்ட புராணம் கூறுகிறது. இது மரபுவழிச் செய்தி. பண் வகுத்தவராக ஒரு பெண்ணைப் போற்றும் அதே மரபில்தான் கோயிலில் நின்று ஓதும் பணி ஆண்களுக்கு உரியதாக இருந்தது.

குருகுலமும் பெண்ணும்

கல்லூரிகள் வருவதற்கு முன் கர்நாடக இசையை உயர்நிலையில் கற்க ஒரே வழி குருகுலம். மாணவன் குருவின் வீட்டில் பல ஆண்டுகள் தங்கி, வீட்டு வேலைகளும் செய்து, குரு பாடும்போதும் சாதகம் செய்யும்போதும் அருகிலிருந்து கேட்டு, கச்சேரிக்குத் தம்புராவைத் தூக்கிக்கொண்டு உடன் சென்று கற்றுக்கொள்வான். பாடம் சொல்லிக் கொடுக்கும் நேரத்தைவிடக் கேட்கும் நேரமே அதிகம். ஊர் ஊராகச் செல்லும் பயணமும் நள்ளிரவுக் கச்சேரிகளும் அந்தப் பாடத்தின் பகுதிகள்.

குடும்பப் பெண் என்று சமூகம் அழைத்த ஒருவர் இவ்வாறு கற்க முடியாது. அயலார் வீட்டில் ஒரு பெண் தங்கிப் படிப்பதை எந்தப் பெற்றோரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பாட்டு வாத்தியார் வீட்டுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்து நாலு கீர்த்தனை சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவார். பெண் பார்க்க வருகிறவர்கள் முன் பாடிக் காட்டும் அளவுக்கு அது போதுமானது எனக் கருதப்பட்டது.

உயர்ந்த இசைக் கல்வி பெற்ற பெண்கள் பெரும்பாலும் கோயில் கலை மரபுக் குடும்பங்களில் பிறந்தவர்கள். அவர்களுக்கு வீடே குருகுலம். வீணை தனம்மாளின் (1867–1938) சென்னை வீடு இதற்குச் சிறந்த சான்று. அவருடைய பேத்திகள் டி. பிருந்தா, டி. முக்தா, டி. பாலசரசுவதி ஆகியோர் பாட்டியின் வீணையைக் கேட்டு வளர்ந்தவர்கள். பிருந்தா சிறுவயதில் காஞ்சிபுரம் நாயனா பிள்ளையிடமும் கற்றார். எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு முதல் குரு அவருடைய தாயார், வீணைக் கலைஞர் மதுரை சண்முகவடிவு.

மரபுக் குடும்பத்தில் பிறக்காமல் மேடைக்கு வந்தவர்களில் முன்னோடி டி.கே. பட்டம்மாள் (1919–2009). காஞ்சிபுரத்தில் பள்ளியில் படித்தபோது அவருடைய திறமையை உணர்ந்து, சென்னைக்கு அழைத்துச் செல்லும்படி தந்தையை வற்புறுத்தியவர் தலைமையாசிரியை அம்முக்குட்டி அம்மாள். முறையான நீண்ட குருகுலவாசம் பட்டம்மாளுக்கு வாய்க்கவில்லை. பலரிடம் சிறிது சிறிதாகக் கற்று, பெண்களால் முடியாது என்று ஒதுக்கப்பட்டிருந்த இராகம் தானம் பல்லவியை மேடையில் பாடிக் காட்டினார். இன்று நாம் இசைமேதை என்று போற்றும் ஒருவரின் கல்விக்குப் பின்னால் ஒரு பள்ளி ஆசிரியையின் விடாப்பிடி இருந்தது என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ளலாம்.

கல்லூரிகளின் தொடக்கம்

இசையை நிறுவனத்தில் கற்பிக்கும் முயற்சி வட இந்தியாவில் முதலில் வலுப்பெற்றது. 1901இல் விஷ்ணு திகம்பர் பலுஸ்கர் லாகூரில் காந்தர்வ மகாவித்தியாலயத்தை நிறுவினார். 1926இல் பாத்கண்டேயின் முயற்சியால் லக்னோவில் மாரிஸ் கல்லூரி தோன்றியது.

சென்னையில் 1914இல் தொடங்கப்பட்ட மகளிர் கல்லூரி, 1917 முதல் இராணி மேரி கல்லூரி என்று பெயர் பெற்றது. 1920களின் இறுதியில் பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி (1901–1973) அங்கே இசை விரிவுரையாளரானார். தென்னிந்திய இசை குறித்துப் பல தொகுதிகளாகப் பாடநூல் எழுதிய அவருடைய கல்லூரிப் பணி ஒரு மகளிர் கல்லூரியில் தொடங்கியது என்பது கவனிக்கத்தக்கது.

அடுத்த சில ஆண்டுகளில் நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. 1929இல் சிதம்பரத்தில் இராசா அண்ணாமலைச் செட்டியார் இசைக் கல்லூரியை ஏற்படுத்தினார். 1931இல் சென்னை மியூசிக் அகாடமி இசை ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கியது. 1932இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்திய இசைத்துறை உருவானது. டைகர் வரதாச்சாரியார் அதன் முதல் தலைவர். 1936இல் ருக்மிணி தேவி அருண்டேல் அடையாற்றில் கலாக்ஷேத்திராவை நிறுவினார். பின்னர் அது திருவான்மியூருக்கு இடம்பெயர்ந்தது. 1949இல் அரசு சார்பில் மத்திய கர்நாடக இசைக் கல்லூரி தொடங்கப்பட்டது. முசிரி சுப்பிரமணிய ஐயர் அதன் முதல்வரானார். அடையாறு ஆற்றங்கரையில் உள்ள இன்றைய தமிழ்நாடு அரசு இசைக் கல்லூரி அதுவே.

இந்த நிறுவனங்களால் மிகுந்த பயன் பெற்றவர்கள் பெண்கள். காலையில் சென்று மாலையில் வீடு திரும்பலாம். உடன் படிக்கத் தோழியர் உண்டு. தேர்வும் பட்டமும் உண்டு. குருகுலம் மறுத்ததைக் கல்லூரி கொடுத்தது. பட்டப்படிப்பில் இசைப்பாடம் பெரும்பாலும் மகளிர் கல்லூரிகளிலேயே அமைந்ததற்கும் இதுவே காரணம்.

ஆனால் இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. இசை மகளிர் கல்லூரிப் பாடமாக ஆனதால், அது பெண்களுக்குப் பொருத்தமான, மென்மையான, வேலைக்கு உதவாத பாடம் என்ற எண்ணமும் கூடவே வளர்ந்தது. தையலும் மனையியலும் வைக்கப்பட்ட வரிசையில் இசையும் வைக்கப்பட்டது. மேடைக் கலைஞராக விரும்பிய ஆண் பிள்ளை அப்போதும் வித்துவான் ஒருவரைத் தேடிச் சென்றான். இதனால் ஆண்களுக்குக் குருகுலம், பெண்களுக்குக் கல்லூரி என்ற சொல்லப்படாத பிரிவு ஏற்பட்டது. ஒன்று மேடைக்கு வழி; மற்றொன்று பெரும்பாலும் ஆசிரியப் பணிக்கு வழி.

வெளியேறியவர்களும் உள்ளே வந்தவர்களும்

இசைக் கல்லூரிகள் தோன்றிய அதே காலத்தில் தேவதாசி முறை ஒழிப்பு இயக்கமும் நடந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இதற்காகப் போராடினார். கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடை செய்யும் சட்டம் 1947இல் நிறைவேறியது. சிறுமிகளைக் கொடுமையிலிருந்து காத்த சட்டம் அது; அதன் தேவையை மறுக்க இயலாது.

எனினும் கலை வரலாற்றில் அதற்கு ஒரு விளைவு இருந்தது. பல தலைமுறைகளாக இசையைக் காத்த பெண்கள் மேடையை விட்டு ஒதுங்கும் நிலை வந்தது. அதே நேரத்தில் பிற சமூகங்களைச் சேர்ந்த பெண்கள் கல்லூரி வழியாக இசைக்குள் வந்தார்கள். ஒரு கதவு மூடிய வேளையில் மற்றொரு கதவு திறந்தது. இரண்டின் வழியாகவும் சென்றவர்கள் ஒரே பெண்கள் அல்லர். பெண்கள் முன்னேறினார்கள் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டால் இந்த வேறுபாடு மறைந்துவிடும்.

இதற்கு எதிராகத் துணிந்து நின்றவர்களும் உண்டு. பெங்களூர் நாகரத்தினம்மாள் (1878–1952) தம் செல்வத்தைக் கொண்டு திருவையாற்றில் தியாகராசர் சமாதியில் கோயில் எழுப்பினார். ஆனால் அங்கு நடந்த ஆராதனை விழாவில் பெண்கள் பாட அனுமதி இல்லை. 1927இல் அவர் பெண்களைத் திரட்டித் தனியே ஆராதனை நடத்தினார். 1940களின் தொடக்கத்தில் பிரிவுகள் ஒன்றாயின. இன்று இசைக் கல்லூரி மாணவியர் பஞ்சரத்தின கீர்த்தனைகளைப் பாட அங்கே ஆண்களோடு அமர்கிறார்கள் என்றால் அதற்கு வழி செய்தவர் அவர்.

மரபுவழிப் பெண்களின் அறிவு கல்லூரிக்குள் வந்த இடங்களும் சில உண்டு. டி. பிருந்தா மத்திய கர்நாடக இசைக் கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றினார். ராம்நாடு கிருஷ்ணன் போன்ற வித்துவான்களும் அவரிடம் பதங்களைக் கற்றனர். ஆண் கற்பிக்கப் பெண் கற்கும் பழைய வரிசை இங்கே தலைகீழானது.

சுருதி ஒரு சிக்கல்

ஆண், பெண் வேறுபாடு என்றதும் சமூகக் காரணங்களையே பேசுகிறோம். இசை வகுப்பில் குரலைச் சார்ந்த காரணமும் ஒன்று உண்டு. ஆண்கள் பொதுவாக ஒன்று முதல் இரண்டு கட்டைச் சுருதியில் பாடுவார்கள். பெண்களுக்கு நாலரை முதல் ஆறு கட்டை வரை இயல்பாக அமையும். குருகுலத்தில் ஒரு குருவுக்கு ஒரு சீடன் என்பதால் இது சிக்கலாகவில்லை. இருபது பேர் அமர்ந்த வகுப்பில் ஒரே தம்புராவுக்கு எல்லோரும் பாட வேண்டும்.

ஆண் ஆசிரியரின் சுருதியில் மாணவியர் பாடினால் கீழ்ச்சுரங்கள் எட்டாமல் குரல் அடங்கிவிடும். மாணவியரின் சுருதியில் ஆசிரியர் பாடினால் அவருக்கு மேற்சுரங்கள் கடினமாகும். இருபாலரும் ஒரே வகுப்பில் இருந்தால் யாராவது ஒரு பிரிவினர் தமக்குப் பொருந்தாத சுருதியில்தான் பாடப் பழக வேண்டும். ஆண்களின் கனத்த குரலையே நல்ல கர்நாடக இசைக்கு அளவுகோலாக வைத்த காலத்தில், பெண்கள் தங்கள் சுருதியைக் கீழே இறக்கிப் பாடுவதும் நடந்தது. குரல் பயிற்சியை ஆண், பெண் இருவருக்கும் தனித்தனியே திட்டமிட வேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கும் எளிய பாடம்.

சுருதி வேறுபாடு பக்கவாத்தியத்தையும் பாதித்தது. மிருதங்கத்தின் அளவு சுருதிக்கு ஏற்ப மாறும். தாழ்ந்த சுருதிக்குப் பெரிய மிருதங்கம், உயர்ந்த சுருதிக்குச் சிறிய மிருதங்கம் என்று தனித்தனியே வைத்திருக்க வேண்டும். பெண்களுக்கு வாசிக்க மறுத்தவர்கள் சிலர் இதையும் ஒரு காரணமாகச் சொல்வதுண்டு. ஆனால் கருவியை மாற்றிக்கொள்வது கலைஞர்களுக்கு அன்றாடப் பழக்கம்தான். மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் நெடுங்காலம் பெண்களுக்கு வாசிக்காமல் இருந்து, பிற்காலத்தில் டி.கே. பட்டம்மாளுக்கு வாசித்தார். பழனி சுப்பிரமணிய பிள்ளையோ முன்பிருந்தே பெண்களின் கச்சேரிகளுக்கு வாசித்தவர். ஒரே காலத்தில் வாழ்ந்த இரு மேதைகள் இரு வேறு முடிவுகளை எடுத்தார்கள் என்பதிலிருந்தே, தடை கருவியில் இல்லை என்று தெரிகிறது.

எந்தக் கருவி யாருக்கு?

இன்று இசைக் கல்வி நிலையங்களில் ஆண், பெண் வேறுபாடு மிகத் தெளிவாகத் தெரிவது பாடப்பிரிவுகளில்தான். தமிழ்நாட்டில் 17 மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் உள்ளன. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகிய ஏழு பிரிவுகளில் மூன்றாண்டுப் படிப்பு நடைபெறுகிறது. எந்தப் பிரிவுக்கும் ஆண்கள் மட்டும் என்றோ பெண்கள் மட்டும் என்றோ விதி இல்லை. ஆயினும் குரலிசை, பரதநாட்டிய வகுப்புகளில் பெண்களே மிகுதி. தவில், நாதசுர வகுப்புகளில் பெண்கள் அரிது. விண்ணப்பப் படிவம் கேட்காத கேள்வியை வீடு முன்பே கேட்டு விடைசொல்லி விடுகிறது.

எங்கள் நாவலூர்ப் பகுதியின் அடுக்ககங்களிலும் மாலை நேரங்களில் இதைக் காணலாம். பாட்டு வகுப்பில் பெண் பிள்ளைகள் வரிசையாக அமர்ந்திருப்பார்கள். மிருதங்கத்துக்கும் கீபோர்டுக்கும் ஆண் பிள்ளைகள் போவார்கள். அண்ணன் தாளம் தட்ட, தங்கை பாடுவாள்.

தாளக் கருவிக்கு விரல் வலு வேண்டும், தவிலைத் தோளில் சுமந்து மணிக்கணக்கில் நிற்க வேண்டும், நாதசுரத்துக்கு மூச்சு வலு வேண்டும் என்பன வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள். இவற்றை வாழ்க்கையால் மறுத்த பெண்கள் உள்ளனர். புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்தைச் சேர்ந்த ரங்கநாயகி அம்மாள் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே மிருதங்கம் வாசித்தார்; அவருடைய குரு புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை. மதுரை எம்.எஸ். பொன்னுத்தாய் முன்னோடிப் பெண் நாதசுரக் கலைஞராகப் போற்றப்படுகிறார். காலிஷாபி மெகபூப் தம் கணவர் ஷேக் மெகபூப் சுபானியுடன் இணைந்து நாதசுரம் வாசித்துப் புகழ்பெற்றவர்.

கடக் கலைஞர் சுகன்யா ராம்கோபாலின் கதை ஒரு வகுப்பறையில் நிகழ்ந்தது. திருவல்லிக்கேணியில் டி.ஆர். அரிகர சர்மா நடத்திய தாள வாத்தியப் பள்ளிக்கு அவர் வயலின் கற்கச் சென்றார். பக்கத்து வகுப்பின் மிருதங்க ஒலி அவரை ஈர்த்தது. மிருதங்கம் கற்றபின் கடம் கற்க விரும்பினார். பெண்ணின் விரல்களுக்குக் கடம் கடினம் என்று குரு விக்கு விநாயகராம் தயங்கியபோது, அவருடைய தந்தையான அரிகர சர்மா தாமே பொறுப்பேற்றுப் பயிற்சியளித்தார். பின்னர் மேடையில் சில மிருதங்க வித்துவான்கள் தம்முடன் அமர மறுத்ததைச் சுகன்யாவே பேட்டிகளில் கூறியுள்ளார். 2014ஆம் ஆண்டுக்கான சங்கீத நாடக அகாடமி விருது அவருக்கு வழங்கப்பட்டது. பயிற்சிக்கு ஓர் ஆசிரியர் மனம் வைத்தால் போதும். மேடைக்கோ உடன் வாசிப்பவர், சபா, கேட்பவர் எல்லோரும் மனம் வைக்க வேண்டும்.

நாதசுரமும் தவிலும் கோயிலையும் திருமணத்தையும் சார்ந்தவை என்பதால் மேலும் ஒரு தடை உண்டு. சாமி புறப்பாடு, இரவு ஊர்வலம், தீட்டு பற்றிய நம்பிக்கைகள் ஆகியவை பெண்ணுக்குக் குறுக்கே நிற்கின்றன. மூன்றாண்டு படித்துச் சான்றிதழ் வாங்கிய பின்னும் வாசிக்க அழைப்பவர் இருக்க வேண்டுமே.

சான்றிதழுக்குப் பின்

இசை படித்த பெண்களுக்கு எளிதில் கிடைத்த வேலை பள்ளி இசையாசிரியர் பணி. பல பள்ளிகளில் பாட்டு டீச்சர் என்றால் பெண், டிரில் மாஸ்டர் என்றால் ஆண் என்று பெயரிலேயே முடிவாகியிருந்தது. நான் பணியாற்றிய ஆண்டுகளில் கண்ட பாட்டு டீச்சர்கள் நல்ல குரலும் தேர்ச்சியும் உள்ளவர்கள். காலையில் கடவுள் வாழ்த்து, ஆண்டு விழாவுக்கு வரவேற்புப் பாட்டு, குடியரசு நாளுக்குக் கூட்டிசை என்று அவர்கள் காலம் கழிந்தது. கணக்கு ஆசிரியர் வராத நாளில் அவருடைய வகுப்பைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பும் அவர்களுக்கே வரும். கச்சேரி செய்யும் ஆசை இருந்தவர்களுக்கும் திருமணம், குழந்தை, இடமாறுதல் என்று சாதகம் நின்றுபோனது.

மேடையில் உயர்ந்த அங்கீகாரம் பெண்களுக்குத் தாமதமாகவே வந்தது. மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி பட்டம் 1942இல் ஏற்படுத்தப்பட்டது. அதைப் பெற்ற முதல் பெண் எம்.எஸ். சுப்புலட்சுமி, ஆண்டு 1968. பட்டம்மாளுக்கு 1970இலும், பாலசரசுவதிக்கு 1973இலும், பிருந்தாவுக்கு 1976இலும், எம்.எல். வசந்தகுமாரிக்கு 1977இலும் கிடைத்தது. வயலின் கலைஞர்களில் ஒரு பெண், ஏ. கன்யாகுமரி, அதைப் பெற்றது 2016இல். குரலிசையில் பெண்ணை ஏற்க எடுத்துக்கொண்ட காலத்தைவிடப் பக்கவாத்தியத்தில் ஏற்க இன்னும் நீண்ட காலம் தேவைப்பட்டிருக்கிறது.

ஆண் மாணவர்களின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இசை பெண்களுக்கான பாடம் என்ற கருத்து ஆண்களையும் பாதித்தது. பாட்டுப் படித்தால் குடும்பத்தை எப்படிக் காப்பாற்றுவாய் என்ற கேள்வி ஆண் பிள்ளையிடம்தான் கேட்கப்படுகிறது. இசையில் பட்டம் பெற விரும்பும் பையனைப் பொறியியலுக்கு அனுப்பி, பாட்டை மாலை நேரத்துக்கு ஒதுக்கும் குடும்பங்கள் ஏராளம். பெண்ணுக்கு இசை வருமானம் தர வேண்டியதில்லை என்ற எண்ணமும், ஆணுக்கு வருமானம் தராத இசை வேண்டாம் என்ற எண்ணமும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள்.

பாதுகாப்பு

குரு சொல்லே வேதம் என்ற மனப்பாங்கு கல்லூரி வந்தபின்பும் மறையவில்லை. தவறு நடந்தால் மாணவி யாரிடம் சொல்வது என்பது நெடுங்காலம் கேட்கப்படாத கேள்வி. 2018இல் கர்நாடக இசை உலகில் பாலியல் தொல்லை பற்றிய குற்றச்சாட்டுகள் வெளிவந்தபோது, மியூசிக் அகாடமி அவ்வாண்டு மார்கழி விழாவிலிருந்து சில கலைஞர்களை நீக்கியது. 2023இல் கலாக்ஷேத்திராவில் மாணவியர் புகார்களை முன்வைத்து வெளிப்படையாகப் போராடினர்.

பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் 2013இல் வந்தது. கல்வி நிறுவனங்களில் உள்புகார்க் குழு அமைக்க அது வழிசெய்கிறது. தனி ஆசிரியரின் வீட்டில் கற்கும் மாணவிக்கு இவ்வாறு புகார் செய்ய எளிய வழி இல்லை. இந்த வகையில் பெண்களுக்கு நிறுவனக் கல்வி தரும் பயன் பாடத்திட்டத்தோடு முடிவதில்லை.

பிற நாடுகளில்

ஈழத்தில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் மருதனார்மடத்தில் பெண்களுக்கான கல்லூரியை நிறுவினார். 1960இல் அவர் பெயரால் இசைக்கென ஒரு கழகம் தோன்றி, பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. அங்கே முதல்வராகப் பணியாற்றியவர்களில் மகாராஜபுரம் சந்தானமும் ஒருவர். சென்னையைப் போலவே இங்கும் பெண் கல்வியும் இசைக்கல்வியும் அருகருகே வளர்ந்தன. தலைமைப் பொறுப்புக்குக் கடல் கடந்து ஆண் வித்துவான் அழைக்கப்பட்டார்.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். பாரிஸ் இசைக் கல்லூரியில் 1842இல் பியானோ பேராசிரியரான லூயிஸ் பாரங்க், முப்பது ஆண்டுகள் பணியாற்றினார். ஆண் பேராசிரியரைவிடக் குறைந்த ஊதியமே அவருக்குத் தரப்பட்டது. 1850இல் அவருடைய இசைப்படைப்பு ஒன்று பெரும் வெற்றி பெற்றபின் சம ஊதியம் கேட்டுப் பெற்றார். வியன்னா பில்ஹார்மோனிக் இசைக்குழு 1997இல்தான் ஒரு பெண்ணை உறுப்பினராக ஏற்றது. அவர் வாசித்தது யாழை ஒத்த ஹார்ப் என்னும் கருவி. நம் நாட்டில் வீணை பெண்ணுக்கு இயல்பானது என்று எண்ணுவது போல, அங்கே ஹார்ப் எண்ணப்படுகிறது. அமெரிக்க இசைக்குழுக்கள் தேர்வின்போது வாசிப்பவர் யார் என்று தெரியாதபடி திரையைத் தொங்கவிட்டன. அதன்பின் பெண்களின் எண்ணிக்கை உயர்ந்தது.

இன்றைய நிலை

2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தமிழ்நாட்டில் இசைக்கும் கவின்கலைக்கும் தனிப் பல்கலைக்கழகம் ஏற்பட்டது. அதன் முதல் துணைவேந்தர் வீணைக் கலைஞர் இ. காயத்ரி. அவருக்குப் பின் பிரமீளா குருமூர்த்தியும், பாடகி எஸ். சௌமியாவும் அப்பொறுப்புக்கு வந்தனர். மூவரும் பெண்கள். மாதவியின் ஆசிரியர்களைப் பட்டியலிட்ட காலத்திலிருந்து பார்த்தால் இது பெரிய மாற்றம். கற்பிப்பதும் பாடத்திட்டம் வகுப்பதும் நிறுவனத்தை நடத்துவதும் இன்று பெண்களின் பொறுப்பிலும் இருக்கின்றன.

இன்னும் மாறாதது கருவிப் பங்கீடு. அதைக் கல்லூரி மட்டும் மாற்ற இயலாது என்பதை இதுவரை கண்ட வரலாறு காட்டுகிறது. அம்முக்குட்டி அம்மாள் போல் ஒரு தலைமையாசிரியை, அரிகர சர்மா போல் ஓர் ஆசிரியர், மிருதங்க வகுப்பில் மகளைச் சேர்க்கத் தயங்காத ஒரு தந்தை, கோயில் விழாவுக்குப் பெண் நாதசுரக் கலைஞரை அழைக்கும் ஓர் அறங்காவலர் என ஒவ்வோர் இடத்திலும் ஒருவர் தேவைப்படுகிறார்.

மாடம்பாக்கம் கோயிலில் பெண் குரலில் ஒலித்த பதிகத்துக்கும் அப்படியோர் அழைப்பு தேவைப்பட்டது. பாட்டை அந்தப் பெண் இசைப்பள்ளியிலேயே கற்று முடித்திருந்தார். நியமன ஆணைக்குத்தான் 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.